மூடியைப் பிடித்த கை

ஸஹீதாவுக்குத் தேரை பிடிக்கத் தெரியும். வரப்போரத்தில் குந்தியிருப்பதை ஒரே எட்டில் அமத்திவிடுவாள். வயிற்றைக் கீறத் தெரியும். நுரையீரலையும் சிறுநீர்ப்பையையும் கிழியாமல் எடுத்து உப்புத் தண்ணீரில் விரிக்கத் தெரியும். அதற்குள் நெளிகிற புழுவைப் பார்த்து இன்ன வகையென்று சொல்லவும் தெரியும். கொல்ல மட்டும் தெரியாது. அந்த வேலை மேனுகாவுடையது.

ஸஹீதா ஆராய்ச்சிப் படிப்புப் படிக்கும் பல்கலைக்கழகத்தில் மேனுகா ஆராய்ச்சி உதவியாளர். ஸஹீதாவைவிட மூத்தவள், கலியாணமானவள், ஊர் களுதாவளை. மயக்க மருந்து கரைத்த தண்ணீரை வாளியில் ஊற்றி, தேரையை உள்ளே விட்டு, மூடியை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டு நிற்பாள். முதலில் உள்ளே தட்டும் சத்தம் கேட்கும். பிறகு குறையும், பிறகு நின்றுபோகும். அந்த நேரம் முழுக்க ஸஹீதாவுக்கு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஏதாவது அகப்பட்டுவிடும். ஒரு மாடு, ஒரு காகம், ஒன்றுமே இல்லாவிட்டால் வானம்.

முடிந்ததும் மேனுகா கையை நீட்டுவாள். அந்தக் கையோடு குழாயைத் தொட அவளுக்கு மனமில்லை. ஸஹீதா ஜக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றுவாள், எட்டி நின்று, தன் உடுப்பில் ஒரு துளியும் தெறிக்காதபடி.

"எனக்குக் கை நடுங்குதுக்கா." கொல்லாமலிருக்க ஆரம்பத்தில் ஸஹீதா சொன்ன சாட்டு இதுதான். மேனுகா அதற்குமேல் துருவவில்லை. உண்மையான காரணம் வேறு. தவளை, தேரையைக் கொல்லக்கூடாது என்று மார்க்கத்தில் தடை இருப்பதை ஸஹீதா சின்ன வயதிலேயே குர்ஆன் ஓதும் இடத்தில் கேட்டிருக்கிறாள். படிப்புக்காகவும் ஆகாதா என்று பள்ளிவாசல் சாலிஹ் மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆகாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் என்று நினைத்துவிடாதீர்கள். 'படிப்புக்குத்தானே மகள், பரவாயில்லை' என்று அவர் சொல்லிவிட்டால் மூடியைத் தானே பிடிக்கவேண்டி வருமே, அந்தப் பயம்! மேனுகாவின் ஆட்களுக்கு இதில் ஒன்றும் இல்லைத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதையும் மேனுகாவிடம் கேட்கவில்லை. தனக்கு வசதியில்லாத எதையும் கேட்காமலிருப்பதில் ஸஹீதா கெட்டிக்காரி.

ஐப்பசி பிறந்து மழை வந்தது. கரடியனாற்றில் கோணாமலை என்பவரின் வயல்வட்டையில், கோடை முழுக்க மண்ணுக்கும் கட்டைக்கும் கீழே பதுங்கிக் கிடந்த தேரைகள் வயலுக்கு வரத் தொடங்கின. இதற்காகத்தான் ஸஹீதா ஒரு வருடமாகக் காத்திருந்தாள். வேறு வறண்ட நாடுகளில், தேரையின் சிறுநீர்ப்பையில் வாழ்கிற ஒரு புழு உண்டு. தேரை மண்ணுக்குள் கிடக்கும் மாதமெல்லாம் அதுவும் தன் குஞ்சுகளை வயிற்றிலேயே சுமந்துகொண்டு பேசாமல் கிடக்கும். மழை பெய்து, தேரை சோடி தேடித் தண்ணீரில் இறங்குகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அத்தனையையும் வெளியே விட்டுவிடும். நம் பக்கத்துத் தேரைகளிலும் அப்படி ஒன்று இருக்கிறதா? தண்ணீரில் இறங்குமுன் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். தவறவிட்டால் அடுத்த மாரிதான்.

பிடித்துவந்த தேரைகளை ஈரமில்லாத பேசின் ஒன்றில் விட்டு, மேலே வலை கட்டி வைத்திருந்தார்கள். அன்று காலையில் பாதியை மேனுகா முடித்துக் கொடுத்தாள். அதில் ஒன்றின் சிறுநீர்ப்பைக்குள், வயிறு முட்டக் குஞ்சுகளோடு, அந்தப் புழு இருந்தது. ஸஹீதா கத்தியேவிட்டாள். மேனுகாவைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள். மேனுகாவும் சிரித்தாள். அவளுடைய உதடு காய்ந்து வெடித்திருந்ததை ஸஹீதா பார்த்தாள். பார்த்ததோடு சரி. மிச்சத்தை நாளைக்குப் பார்ப்போம் என்று முடிவாயிற்று.

சந்தோசச் செய்தியைக் கேட்ட ஸஹீதாவின் உம்மா ஹப்ஸா, ஏறாவூரிலிருந்து போனில் பிடிவாதமாக நின்றாள். மேனுகா அன்றைக்கே பகல் சாப்பாட்டுக்கு வந்தே ஆகவேண்டும். மேனுகா வருகிறாள் என்பதற்காக மாட்டிறைச்சி அடுப்படிப் பக்கமே வரவில்லை. கோழிக்கறி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி என்று மேசை நிறைந்திருந்தது. மேனுகா கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தட்டை மெல்லத் தள்ளிவைத்தாள்.

"குறை நினைக்காதீங்க அன்ட்டி. எனக்குக் கந்தசஷ்டி விரதம். முந்தநாள் தொடங்கின. பின்னேரம் பாலும் பழமும் மட்டுந்தான்."

ஸஹீதாவின் கையிலிருந்த அகப்பை சோற்றுக்குள்ளேயே நின்றது. முந்தநாளிலிருந்து விரதம். அப்படியென்றால் இன்று காலை?

"புள்ளைக்காகவா மகள் புடிக்கிறீங்க?" என்று உம்மா பரிவோடு கேட்டாள்.

"ஓம் அன்ட்டி."

"அல்லாஹ் தருவான். உங்கட மனசுக்குத் தராம இருப்பானா?" உம்மா ஓடிப்போய் இளநீர் வெட்டிக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினாள். அன்பு மிஞ்சினால் உம்மாவுக்கு வாய் நிற்காது. "எங்கட புள்ளைக்கு நீங்க செய்யிற உதவிய நான் நினைக்காத நாளில்ல மகள். எங்களுக்குத் தவள, தேரையெல்லாம் கொல்லப்படாது. இவ எப்பிடித்தான் இதப் படிக்கப் போறாவோ எண்டு நான் பயந்து கிடந்தன். மறுகா இவதான் சொன்னா, 'உம்மா, நான் என்ட கையால ஒண்டையும் கொல்றல்ல, எல்லாம் மேனுகா அக்காதான். அவங்களுக்கு அது பாவமில்ல' எண்டு. அதுக்குப் பொறகுதான் எனக்கு நிம்மதி."

மேனுகா இளநீர்க் கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மேசையில் வைத்தாள். "அப்பிடியா அன்ட்டி," என்றாள். ஸஹீதாவை அவள் திரும்பிப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பார்க்கவில்லை. ஸஹீதாவுக்குக் காதுமடல் வரை சுட்டது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல், யாரும் கேட்காத சோற்றை யாருடைய தட்டிலோ போட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஸ்கூட்டியில் மேனுகா பின்னால் இருந்தாள். மற்ற நாட்களில் ஸஹீதாவின் தோளில் இருக்கும் கை அன்று பின்கம்பியில் இருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் மேனுகா இறங்கியதும் ஸஹீதா வார்த்தைக்குத் தட்டுத்தடுமாறினாள்.

"அக்கா, விரதமெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா..."

"நீ கேக்கல்லயே," என்றாள் மேனுகா. பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஸஹீதாவுக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொன்றின் உடம்புக்குள் இருந்துகொண்டு எப்படியெல்லாம் பிழைக்கலாம் என்று புத்தகம் புத்தகமாகப் படித்தவள் அவள். தானும் அதே பிழைப்பைத்தான் பிழைத்திருக்கிறாள் என்பது உறைக்க, உம்மாவின் வெள்ளைமனசு தேவைப்பட்டது. அவளுக்குத் தன்னை நினைக்கவே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் யாரும் வருமுன் ஆய்வுகூடத்தைத் திறந்தாள். மிச்சத் தேரைகள் இருந்த பேசினைத் தூக்கிக்கொண்டு, பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓடிய வாய்க்காலுக்குப் போனாள். வலையை அவிழ்த்தாள். பேசினைச் சரிக்கப்போன நேரம் பின்னாலிருந்து குரல் வந்தது.

"கவிழ்க்காத."

மேனுகா நின்றாள். நெற்றியில் திருநீறு, கையில் குடை.

"எனக்கு இந்தப் படிப்பே வேணாக்கா. இதுகள விட்டுர்றன்."

"விட்டா உனக்குச் சரி," என்றாள் மேனுகா. குரல் உயரவில்லை. "உன்ட கை முந்தியே சுத்தம். இப்ப மனசும் சுத்தமாயிரும். நேத்து நான் அமத்திப் புடிச்சதெல்லாம்? இந்த வருசம் முழுக்கப் புடிச்சது? அதெல்லாம் சும்மா செத்ததாப் போகும். அத நான் எங்க கொண்டுபோய் வைக்கிற?"

ஸஹீதா சரிக்கப்போன பேசினை நிமிர்த்திப் பிடித்தாள். மேனுகா விடவில்லை.

"எனக்குப் பாவமில்லயெண்டு உனக்கு ஆர் சொன்ன? ஒவ்வொரு தரமும் முருகா முருகா எண்டு சொல்லிக்கொண்டுதான் மூடியப் புடிக்கிற நான். நேத்து விரதத்தோட புடிக்கக்குள்ள என்ட நெஞ்சு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த மழையத் தவறவிட்டா உனக்கு ஒரு வருசம் போயிருமே எண்டு புடிச்சன்." மேனுகாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "கை நடுங்கிற புள்ள எண்டு நம்பினன்டி. பாவம் பாத்துத்தான் செஞ்சன்."

ஏசியிருந்தால், அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. இந்தச் சொல்லை ஸஹீதா எதிர்பார்க்கவில்லை. பேசினைப் பிடித்த கை இப்போது உண்மையாகவே நடுங்கியது. சொன்ன பொய் ஒரு வருடம் கழித்து அவளைத் தேடி வந்திருந்தது.

அவள் வலையைத் திரும்பக் கட்டினாள். பேசினோடு உள்ளே போய், மருந்தைத் தானே அளந்து வாளியில் கரைத்தாள். மௌலவியிடம் கேட்டுவிட்டுச் செய்தாலென்ன என்று அப்போதும் ஒரு நினைப்பு வந்தது. பின்னேரம் போவாள், மேனுகாவை என்ன செய்யவைத்தாள் என்பதையும் சேர்த்து எல்லாவற்றையும் அவரிடம் சொல்வாள். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வாள். ஆனால் இந்த மூடியை இனி இன்னொருத்தியிடம் நீட்டமுடியாது.

தேரையை எடுத்தாள். வயிறு குளிர்ந்திருந்தது, தொண்டை துடித்துக்கொண்டிருந்தது. உள்ளே விட்டு மூடியை இரண்டு கையாலும் அமத்தினாள். உள்ளே தட்டியது. ஒரு வருடம் ஜன்னலோரத்தில் நின்று கேட்ட சத்தம்தான். ஆனால் அந்தத் தட்டல் மூடி வழியாக உள்ளங்கைக்கு ஏறி வரும் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. கண்ணை மூடப்பார்த்தாள். மூடக்கூடாது என்று திறந்தே வைத்திருந்தாள். வாசலில் நின்ற மேனுகா ஜன்னலைப் பார்க்கவில்லை. ஸஹீதாவின் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தட்டல் நின்றது. ஸஹீதா கையை எடுத்து, என்ன செய்வதென்று தெரியாமல் முன்னால் நீட்டியபடி குழாயடிக்குப் போனாள். அந்தக் கையால் குழாயைத் தொட அவளுக்கும் மனம் வரவில்லை.

மேனுகா ஜக்கை எடுத்தாள்.

"வேணாக்கா, விரதம். தள்ளி நில்லுங்க, உங்களுக்குத் தெறிக்கும்."

"கையக் காட்டு," என்றாள் மேனுகா.

மன்னித்துவிட்டீர்களா என்று கேட்க ஸஹீதாவின் நாக்கு நுனிவரை வந்தது. கேட்க அவளுக்கு முகமில்லை. மேனுகா கிட்ட வந்து, முழங்கையோடு முழங்கை முட்ட நின்று ஊற்றினாள். தண்ணீர் ஸஹீதாவின் கையில் விழுந்து மேனுகாவின் சேலைக் கரையிலும் கால்களிலும் தெறித்தது. மேனுகா விலகவில்லை. இந்த ஒரு வருடமும் தான் எவ்வளவு தூரத்தில் நின்று ஊற்றியிருக்கிறோம் என்று ஸஹீதாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.