ஒரு கட்டம் கூடுதல்

பதினோரு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த ஆங்கில வேதாகம மொழிபெயர்ப்பு ஒருவழியாக அச்சாகி வந்தது. பதிப்பகத்தில் பிழை திருத்துகிற புரூஃப் அக்கா முதல் பிரதியைப் பிரித்தாள். சமர்ப்பணப் பக்கத்தைப் பார்த்ததும் பார்சல் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நடந்தது இதுதான். எபிரேய மூலத்தில் கடவுளுக்கு நான்கு எழுத்தில் ஒரு பெயர் உண்டு. எழுதலாம், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. படிக்கிறவர்கள் அந்த இடம் வந்ததும் 'ஆண்டவர்' என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் அந்த 'ஆண்டவர்' என்பதையே எழுதிவிட்டார்கள். அபூர்வமாக யாரோ ஒருவருக்கு மனசு கேட்காமல், பெயரின் இடத்தைக் காலியாக விட, எபிரேயம் தெரிந்த இன்னொருவர் வந்து நிரப்பியதும் உண்டு. சரி, இப்போது ஆங்கிலத்தில் என்ன போடுவது? பெயரையே போடு என்றார் எபிரேய மூலம் பார்க்கிற சார். கொட்டை எழுத்தில் 'ஆண்டவர்' போதும் என்றார் கிரேக்கம் பார்க்கிற சார். ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பதினோரு வருஷம் இதற்கே மல்லுக்கட்டினார்கள் இந்த இரண்டு மகானுபாவர்களும். முடிவு தெரியும்வரை, பெயர் வரும் இடத்திலெல்லாம் ஒரு சின்னக் காலிக் கட்டம் போட்டுவைப்பது என்று ஏற்பாடு. பதிவேட்டுக் கணக்குப்படி ஆறாயிரத்து எண்ணூற்று இருபத்தெட்டுக் கட்டங்கள்.

மொழிபெயர்ப்பு அத்தனையையும் முதலில் அட்டைகளில் படி எடுத்தவர் எபிரேய சாரின் மனைவி. சம்பளமும் கிடையாது, நன்றி என்று ஒரு வார்த்தையும் கிடையாது. மத்தியானம் சாருக்குச் சாப்பாடு கொண்டுவருவார். அப்படியே பக்கத்தில் உட்கார்ந்து சாயங்காலம்வரை எழுதுவார். சாரின் கோழிக் கிறுக்கல் அவருக்குத்தான் புரியும். சில நாள் சாருக்கே புரியாது. புரூஃப் அக்கா புருஷனோடு சண்டை போட்டுக் கண் வீங்கி வந்த நாளெல்லாம், தனக்கென்று வைத்திருந்ததில் பாதியை டப்பா மூடியில் போட்டு அவள் பக்கம் நகர்த்துவார். "மொதல்ல சாப்பிடு. அப்புறமா அழுதுக்கலாம்," என்பார்.

மூன்று மாசத்துக்கு முன் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். அடுத்த வாரம் எபிரேய சார் சமர்ப்பணப் பக்கத்தை அனுப்பினார். ஆங்கிலத்தில் ஒரே வரி. முப்பது வருஷம் பொறுமையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இன்னாருக்கு என்று அர்த்தம். பெயர் வர வேண்டிய இடத்தில், கைப்பழக்கத்தில் ஒரு காலிக் கட்டம் போட்டிருந்தார்.

"இத மட்டும் நான் நேர்ல வந்து எழுதறேம்மா. இப்ப கை வரல," என்றார் போனில்.

"மெதுவா வாங்க சார். நான் பாத்துக்கறேன்," என்றாள் அக்கா.

பார்த்துக்கொண்ட லட்சணம் இருக்கிறதே! ரெண்டே நாளில் குழு கூடி, 'ஆண்டவர்' என்றே போடுவதென்று முடிவு கட்டியது. எபிரேய சார் கூட்டத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் இன்னொரு பதினோரு வருஷம் போயிருக்கும். சாயங்காலமே அச்சுக்குப் போக வேண்டும் என்று பதிப்பகத்து டைரக்டர் அக்காவின் தலைக்கு மேல் வந்து நின்றார். அவள் கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்ட, எல்லாக் கட்டமும் ஒரே மூச்சில் நிரம்பின. ஆறாயிரத்து எண்ணூற்று இருபத்தொன்பது என்று காட்டியது. ஒன்று கூடுதல். யாரோ எண்ணும்போது விட்டிருப்பார்கள் என்று பதிவேட்டைத் திருத்தினாளே தவிர, அந்த ஒன்று எது என்று அவள் தேடவில்லை.

அந்த ஒன்றுதான் இப்போது அவள் மடியில் இருந்தது. முப்பது வருஷம் பொறுமையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆண்டவருக்கு.

டைரக்டர் ரசித்துப் படித்தார். "நல்லாத்தானே இருக்கு? இதவிட பக்தியா யாரால எழுத முடியும்?"

"சார், அது அவரோட சம்சாரம் பேரு வர வேண்டிய எடம்."

"ரெண்டாயிரம் பிரதியும் லாரி ஏறிப் போயாச்சு. நீ வாயத் தொறக்காத. அவருக்கே இது பிடிச்சுப்போயிடும், பாரு."

கிரேக்க சார் பக்கத்தைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். சண்டையில் ஜெயித்தவர் அவர்தான். ஆனால் முகம் செத்திருந்தது. "எப்படியாவது ஜெயிக்கணும்னு இருந்தேன். இப்படி இல்ல," என்றார். "நீயே போய்ச் சொல்லிடும்மா. வேற யாராவது சொல்லி அவர் கேக்கக் கூடாது."

அன்று சாயங்காலமே அவள் புத்தகத்தோடு அவர் வீட்டுக்குப் போனாள். எபிரேய சார் கதவைத் திறந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். மேசையருகே ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. இன்னொன்றைச் சுவரோரமாகத் தள்ளி, அதன்மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தார். புத்தகத்தை வாங்கி நேராக அந்தப் பக்கத்தைத் திருப்பினார். அந்த ஒரு வரியின்மேல் விரலை ஓட்டினார்.

"நாந்தான் சார்," என்றாள். கட்டத்தை, கூடுதல் கணக்கை, தேடாமல் விட்டதை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். டைரக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

"எத்தனையோ புஸ்தகத்துக்கு எழுதிக் குடுத்தா," என்றார் அவர். "ஒண்ணுலயும் பேரு வரல. இதுல வரும்னு ஆஸ்பத்திரியில வச்சு சொன்னேன். சிரிச்சா. நான் வரேன்னு சொல்லிட்டு வராம இருந்துட்டேன். ஒன்ன மட்டும் சொல்லி என்ன?"

அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"எல்லாப் பிரதியையும் திருப்பி வரவழைக்கறேன் சார். வேல போனாலும் பரவால்ல. ஒவ்வொண்ணுலயும் அடிச்சுட்டு என் கையாலயே எழுதறேன். மொதல்ல இதுல எழுதறேன், குடுங்க."

வெடுக்கென்று பையிலிருந்து பேனாவை எடுத்தாள். புத்தகத்தை மடியில் வைத்து, 'ஆண்டவர்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதன் மேலே பேனா முனையை ஊன்றினாள்.

பேனா நகரவில்லை.

இந்த வேலைக்கு முன்பிருந்தே, பத்தொன்பது வருஷம் அந்த அம்மாவின் கையால் சாப்பிட்டிருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் அவருக்குத்தான் போன் போடுவாள். அம்மா என்றுதான் கூப்பிட்டாள். அலுவலகத்தில் எல்லாரும் சார் வீட்டம்மா என்பார்கள். வேறு எப்படியும் யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

மை ஒரு பொட்டாக ஊறிக்கொண்டிருந்தது. எபிரேய சார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பேரு தெரியாதாம்மா?" என்றார், குரலில் கோபமே இல்லாமல்.