பார்த்துக்கொண்டவன்

இந்தக் காலத்தில் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்பதில்லை. "பாத்துக்கோ" என்பார்கள். நல்லபடியாக முடிந்தால் சொன்னவன் கெட்டிக்காரன், மாட்டிக்கொண்டால் பார்த்துக்கொண்டவன் திருடன்.

எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பந்து பதப்படுத்துவது ரஸ்ஸும் நானும்தான். புதுப் பந்து மெழுகு தடவியதுபோல வழுக்கும். ஈரத்துண்டால் துடைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, பந்தெறியும் ஹேடனின் கைக்குப் படியவைக்க வேண்டும். அதெல்லாம் விதிப்படிதான். ஆட்டத்துக்கு முன் நடுவர்கள் பந்தின் காற்றை அளந்துவிட்டால், அப்புறம் காற்றிறக்கும் ஊசியோடு அதன் பக்கம் போகக்கூடாது.

டிசம்பரில் எலும்பு நடுங்கும் ஒரு நாள். நடுவர்கள் அளந்து முடித்த பிறகு ஹேடன் எங்கள் அறைக்குள் எட்டிப்பார்த்தான்.

"ரஸ் அண்ணே, விரல் மரத்துப்போச்சு. பந்து செங்கல்லாட்டம் இருக்கு. பாத்துக்கங்க."

"நீ போ தம்பி. நானிருக்கேன்ல."

மைதானத்துக்குப் போகும் வழியில், துணி துவைக்கிற அறைக்குள் பந்துப் பையோடு நுழைந்து ரஸ் காற்றை இறக்கினான். கதகதப்பில் நிரப்பிய பந்து குளிரில் தானாகவே தொய்ந்துவிடும். அது தெரியாதவனா ரஸ்? அந்தப் பையனுக்கு நல்லவனாக வேண்டும் என்கிற அவசரத்தில் மறந்துபோனான். இரண்டாம் பாதியில் எதிரணிக்காரன் ஒருவன் ஹேடன் எறிந்ததைப் பறித்து, அமுக்கிப் பார்த்து, சிரித்துக்கொண்டே நடுவரிடம் கொடுத்தான்.

ஆட்டங்களை நடத்தும் லீக் அனுப்பிய வக்கீலம்மா விசாரிக்க என்னையும் கூப்பிட்டாள். காதில் விழுந்ததைச் சொன்னேன்.

"காத்தை இறக்குன்னு சொன்னாரா?"

"பாத்துக்கங்கன்னான்."

"அப்போ சொல்லலை."

"பின்னே, பந்துக்குத் தாலாட்டு பாடவா சொன்னான்?"

அவள் சிரிக்கவில்லை. ரஸ்ஸோ, எல்லாம் தன் சொந்த யோசனை என்று அடித்துச் சொல்லிவிட்டான். ஹேடனுக்கு அடுத்த பருவத்தில் நான்கு ஆட்டம் தடை. ரஸ் இனி எந்த அணியின் வாசலையும் மிதிக்கக்கூடாது. எனக்கு வயதாகிவிட்டது என்று கேக் வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

தடை முடிந்து ஹேடன் திரும்பிய அன்று ரஸ் வீட்டுக்குப் போயிருந்தேன். அணித் தொப்பியைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒரு கிடங்கில் வேலை கிடைத்தும் போகவில்லை.

"அவனைக் காட்டிக்குடுக்காதவன் நான். வந்ததும் மொத வேலையா மொதலாளிகிட்ட பேசுவான் பாரு. லீக்கும் எறங்கி வரும்."

"ஒரு போனாவது பண்ணினானா?"

"பயிற்சியில இருப்பான்யா, பெரிசு."

ஆட்டத்துக்கு முன் ஒருத்தி ஹேடனிடம் மைக்கை நீட்டினாள். பழைய விவகாரம் பற்றிக் கேட்டாள். "சாமான் அறையில நிறையப் பேர் வேலை பாக்கறாங்க. அந்த ஆளோட நான் அதிகம் பேசினதில்ல," என்றான் அவன். முகம் அப்போதுதான் கழுவியதுபோல இருந்தது.

நான் ரஸ்ஸைப் பார்த்தேன். அவன் வறுத்த கோழி இறக்கையின் எலும்பைத் தட்டில் வைத்து, விரலை நிதானமாகத் துடைத்தான்.

"வக்கீலுங்க அப்படிப் பேசச் சொல்லியிருப்பாங்க. அவன் மனசுக்குள்ள வேற இருக்கும்."

"கிடங்குக்காரன்கிட்ட போய் நில்லுடா."

"உனக்கு யாரைத்தான்யா புடிச்சுது? உன் பொண்டாட்டியையே நம்பாத ஆளு நீ."

கோட்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். தெரு முழுக்க மேப்பிள் இலை, நேற்றைய மழையில் ஊறிக் கிடந்தது. மூலை திரும்புவதற்குள் இரண்டு பக்க வீடுகளும் ஒரே நேரத்தில் அலறின. ஹேடன் எறிந்தது போய்ச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. அந்த இரைச்சலில் ரஸ்ஸின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது: "அப்படிப் போடு தம்பி!" நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடந்தேன்.