ஏப்ரன் யாருக்கு

…எக்ஸ்ரே ஃபாரத்தில் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன், போட்ட பிறகுதான் கேள்வியைப் பார்க்கிறேன், குழந்தையைப் பிடித்துக்கொள்பவர் கர்ப்பமா, ஆமாம், இல்லை, இரண்டே கட்டம்… ஒரு மாதமாக யார் கேட்டாலும் இல்லை இல்லை என்றே பழகிய கை. அதுவும் பக்கத்தில் என் புருஷன் டெஸ்மண்டின் தங்கை அலீசியா கழுத்தை நீட்டி ஃபாரத்தைப் படிக்கிறாள், இவள் எதிரில் ஆமாம் என்று போட்டால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஜெபத்திலேயே சேர்த்துவிடுவார்கள். போன வருஷம் அப்படித்தான், ஆறே வாரத்தில் டெஸ்மண்டிடம் சொன்னேன், அவன் சந்தோஷத்தில் ஊருக்கே சொன்னான், பத்தாவது வாரம் கரு கலைந்ததும் தள்ளியிருக்கிற கலும்பாங் ஊரிலிருந்துகூட ஆள் வந்து ஆறுதல் சொன்னார்கள், என் துக்கத்துக்கு நானே எல்லாருக்கும் மைலோ கலக்கினேன்… மூன்று மாதம் முடியாமல் வாயைத் திறக்காதே என்று அம்மா சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். இந்த முறை கட்டினவனுக்கும் சொல்லவில்லை. இன்னும் மூன்றே வாரம், அதற்குள் என் மகள் இந்தக் கெய்ட்லின் கட்டிலிலிருந்து குதித்துக் கையை வீங்க வைத்துக்கொள்ள வேண்டுமா? அவனுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று, வயிற்றுப்பிள்ளைக்காரி தொடக்கூடாத அன்னாசியை எப்போதும்போல வாங்கி வரச் சொல்கிறேன், அதையும் ‘மறந்துட்டேன் லா’ என்று மூன்று சனிக்கிழமையாகத் தர்பூசணி தூக்கி வருகிறான், எதைத்தான் ஞாபகம் வைப்பான், பார்க்கிங் தேடிப் போய் அரைமணி நேரமாகிறது, காரை உலு யாம் ஊரிலா நிறுத்தப் போனான்…

கூப்பிட்டுவிட்டார்கள். எக்ஸ்ரே அறையில் சின்னப் பெண், சட்டையில் கண்மணி என்ற பெயர், “நீங்கதான் பிள்ளையைப் பிடிச்சிக்கணும்கா” என்று கதிரைத் தடுக்கிற ஈய ஏப்ரனை மாட்டிவிட்டாள், அரிசி மூட்டைக் கனம். கெய்ட்லின் என் காலரை விடமாட்டேன் என்று அலறுகிறாள். வயிற்றைத்தான் மூடியிருக்கிறதே, அரை நிமிஷ வேலை, கதிர் கொஞ்சம்தான் படுமாம்… கொஞ்சம் என்றால் எவ்வளவு, யாரைக் கேட்பது, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த அரை நிமிஷத்தைத்தானே ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருப்பேன். கண்மணி கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள், “இல்லன்னு போட்டிருக்கீங்க, நெசமாவாக்கா?”

“ஒம்போது வாரம். வெளிய சொல்லிறாதீங்க.”

புருஷனுக்குச் சொல்லாததை மூன்று நிமிஷம் பார்த்த பெண்ணிடம் சொல்லிவிட்டேன், எனக்கே எரிச்சல். அவள் ஏப்ரனைக் கழற்றினாள். “நான் சொல்ல மாட்டேன். ஏப்ரன் போட்டாலும் நீங்க பிடிக்கக்கூடாது. வேற யாரு வந்திருக்காங்க?” அலீசியாதான் என்று எப்படிச் சொல்வது, மோப்பம் பிடித்துவிடுவாள்… நல்லவேளை, கதவைத் திறந்தால் வேர்த்துப்போய் டெஸ்மண்ட், கையில் கார் சாவி. “அப்பா பிடிக்கட்டும்” என்ற கண்மணி அவனிடம், “வெளிச்சம் விழுற எடத்துல ஒங்க கை வேணாம்” என்றாள். அவன் ஏப்ரனை மாட்டினான், பிள்ளையை வாங்கினான், என் தோளைத் தொட்டு, “நீ வெளிய இரு” என்றான்.

கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு. “என்ன அண்ணி, அண்ணன் உள்ள போயிருச்சு? நீங்க ஏன் பிடிக்கல?” அலீசியாவுக்கு உடனே தெரிய வேண்டும். எனக்கு ஏப்ரன் கனமாக இருக்கிறது என்றேன், வாயில் வந்தது அதுதான். இவள்கூட ஏன் என்று கேட்கிறாள், அவன் கேட்கவில்லையே… சோப்பு மாற்றினால் ஏன் என்பவன், மீ கோரெங்கில் முட்டை இல்லாவிட்டால் ஏன் என்பவன். அந்தத் தர்பூசணியும் எப்போதும் அன்னாசி வாங்குகிற அதே கடையில்தான் வாங்கியிருக்கிறான், எதிரில் அன்னாசி அடுக்கியிருக்க மூன்று வாரமும் மறந்தானா? தெரிந்தால் வாயைத் திறந்து சொல்லித் தொலைப்பதற்கென்ன, நான் ஒருத்தி லூசு மாதிரி… ஒருவேளை அவனுக்கும் பயமா. உள்ளே கெய்ட்லினின் அழுகை நின்றுவிட்டது. போன வருஷம் அத்தனை பேர் வீட்டில் உட்கார்ந்திருந்தார்களே, ஒவ்வொருவர் முகமும் ஞாபகமிருக்கிறது, யார் சீனி குறைவாகக் கேட்டார்கள் என்பதுகூட… டெஸ்மண்ட் எங்கே உட்கார்ந்திருந்தான்?