அம்மா வெளியே நிற்கட்டும்

பயிற்சியாளர் காலை பத்து மணிக்கு வந்தார். இரண்டு வாரம் முன்பு அவர் பழக்கிக் கொண்டுவந்து விட்ட நாய் எழுந்து வாலை ஆட்டியது. அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. இனி அது அவரை மறக்க வேண்டும்.

"ரெண்டு வாரம் எப்படிப் போச்சு?"

"மச்சானுக்கு ஒரு குறையும் இல்ல சார்," என்றார் அப்பா. பள்ளி வேன் ஓட்டுகிறவர். காலை டிரிப்பை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார்.

"நாயை அப்படித்தான் கூப்பிடுறார்," என்றாள் அம்மா. "அப்ப எனக்கு அது அண்ணனா தம்பியான்னு கேட்டா, மூஞ்சியப் பார்த்தா அண்ணன் மாதிரிதான் இருக்குங்கிறார்."

சக்கர நாற்காலியில் இருந்த மகள் சிரித்தாள். ஒன்பது வயது. அவள் சிரித்தால் உடம்பு முழுக்கச் சிரிக்கும். கையில் இருப்பது விழும். பென்சில் விழுந்தது.

அம்மா குனிந்து எடுத்தாள். எடுத்த பிறகுதான் பயிற்சியாளரைப் பார்த்தாள்.

"பழக்கதோஷம்," என்றாள்.

வேலைகள் மூன்று. விழுந்ததை எடுப்பது, கயிறு கட்டிய அலமாரிக் கதவை இழுத்துத் திறப்பது, விளக்கை அணைப்பது. மகள் சொல்லி நாய் செய்தால் அது இந்த வீட்டில் இருக்கும். செய்யாவிட்டால் பட்டியலில் அடுத்த குழந்தைக்குப் போகும். இவர்கள் அந்தப் பட்டியலில் இரண்டு வருடம் இருந்தார்கள்.

"பென்சிலைக் கீழே போடும்மா. இப்ப சொல்லு."

எடு என்றாள் மகள். அவள் வாயில் அது 'ஏவ்' என்று நீண்டு, மூச்சாக முடியும். நாய் பென்சிலைப் பார்த்தது. பிறகு தையல் இயந்திரத்தருகே நின்ற அம்மாவைப் பார்த்தது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் தலை தானாக அசைந்தது. நாய் பென்சிலைக் கவ்வி மகளின் மடியில் வைத்தது.

"சபாஷ் மச்சான்!"

பயிற்சியாளர் படிவத்தில் எதுவும் எழுதவில்லை.

"ஏம்மா, அவ சொன்னதும் நீங்களும் ஒரு தடவை சொல்லுவீங்களோ?"

"சொல்லுவேன். அவ பேசுறது வெளியாளுக்குப் புரியாது சார். டாக்டர், டீச்சர், எல்லார்கிட்டயும் நான்தான் எடுத்துச் சொல்றது. இது வாயில்லா ஜீவன். இதுக்கு எப்படிப் புரியும்?"

"அதுக்கு எந்த மொழியும் தெரியாதும்மா. சத்தம்தான் தெரியும். அவ சத்தம் எப்பவும் ஒரே மாதிரி வந்தாப் போதும். ஆனா நீங்க வேற ஒண்ணு கத்துக்குடுத்திருக்கீங்க. அவ சத்தம் கேட்டா உங்களைப் பார்க்கணும்னு."

அம்மாவின் முகம் சுண்டிப்போனது. இரண்டு வாரமும், தைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தி நிறுத்தி, அவள் 'எடு' சொல்லியிருந்தாள்.

"கொஞ்சம் வெளியே நில்லுங்க."

"நானுமா?" என்றார் அப்பா.

"நீங்க முதல்ல."

கதவு மூடிக்கொண்டது. இருவரும் மாடிப்படி ஓரத்தில் நின்றார்கள். உள்ளே மகளின் குரல் கேட்டது. ஒரு முறை. மறுமுறை. அம்மாவின் வாய் திறந்தது. அப்பா சட்டென்று பொத்தினார்.

"கையெல்லாம் டீசல் நாத்தம்," என்று தள்ளிவிட்டாள்.

கதவின் அடியில் ஒரு நிழல் வந்தது. மூக்கு. உறிஞ்சி உறிஞ்சி மோப்பம் பிடித்தது.

"என்னைத் தேடுது," என்றாள்.

அப்பா கதவில் காதை வைத்தார். அவள் இரண்டு நிமிடம் போல நின்றாள். பிறகு திரும்பி, வெறுங்காலோடு மேல் மாடிக்கு ஏறினாள். வளைவில் நிற்கவில்லை. இன்னும் ஏறினாள். அங்கிருந்து மகளின் குரல் கேட்கவில்லை. யார் வீட்டிலோ குழாய் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கைப்பிடிக் கம்பி மேல் சாய்ந்து கீழே பார்த்தாள். கதவில் காதை வைத்திருந்த அப்பாவின் தலை தெரிந்தது.

வெகுநேரம் அவர் அசையவில்லை.

பிறகு நிமிர்ந்து பார்க்காமலே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. மூன்றாவது விரல் வருவதற்குள் அவள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

பயிற்சியாளர் கதவைத் திறந்தார். உள்ளே விளக்கு அணைந்திருந்தது.

"முதல் தடவை கொஞ்சம் திணறிச்சு. அப்புறம் பொண்ணு ஒரு அதட்டு போட்டா. யார்கிட்ட கத்துக்கிட்டாளோ."

"எனக்குத் தெரியும்," என்றார் அப்பா.

"இங்கேயே இருக்கட்டும்." படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "நீங்க மட்டும் வாயைக் கட்டிக்கிட்டு இருங்கம்மா."

"இருபது வருஷம் முன்னாடி இதைச் சொல்ல ஆள் இல்லாமப் போச்சே சார்," என்றார் அப்பா.

அம்மா அவரை முறைத்தாள். சிரிப்பும் வந்துவிட்டது. நாய் நாற்காலிச் சக்கரத்தை ஒட்டிப் படுத்திருந்தது. அவள் வந்ததற்கு அது எழவில்லை.

மகள் பயிற்சியாளரிடம் ஏதோ சொன்னாள். நீளமாக. அவர் எல்லோரையும் போல அம்மா பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றா?"

அம்மாவுக்குப் புரிந்திருந்தது.

"அவளையே கேளுங்க," என்றாள்.

அவர் நாற்காலி முன்னால் குந்தினார். மகள் மறுபடி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார், புரியவில்லை. மூன்றாம் முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். சாக்ஸ் ஓட்டையில் பெருவிரல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.