பூட்டிய கட்டம்

கிளிநொச்சியில் சட்டத்தரணி ஞானேஸ்வரியிடம் தட்டச்சு வேலை செய்கிறேன். காணிக் கோரிக்கைப் படிவத்தை எத்தனை தரம் அடித்துக் கொடுத்தாலும் பிழையான இடத்தில் எழுதிக்கொண்டு வந்து நிற்பார்கள். எரிச்சல் தாங்காமல் போன வருடம் அதை இணையத்தில் செய்தேன். ஆட்கள் நிரப்பவேண்டிய கட்டங்களை மட்டும் திறந்துவிட்டு, மற்றதெல்லாவற்றையும் பூட்டி, இணைப்பை அக்கராயன், உருத்திரபுரம் வைபர் குழுக்களில் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு.

பூட்டுமுன் சரிபார்ப்பதற்காக, ‘விசாரணைக்கு வரும் பிரதிநிதி’ என்ற கட்டத்தில் என் பெயரை அடித்துப் பார்த்திருந்தேன். அதை அழிக்க மறந்து, அப்படியே பூட்டிவிட்டேன்.

பிரான்சிலிருந்து என் கணவர் சிவகரன் கூப்பிட்டதற்கான விசா போன மாதம் வந்தது. கலியாணம் முடித்து நான்கு வருடம். சேர்ந்து இருந்தது இருபத்திரண்டு நாள். அம்மாவிடம் மட்டும் விசாவைப் பற்றி ஒரு கதையும் இல்லை. என் உடுப்புகளை மடித்து வைத்தார்.

வேலையை ஒப்படைக்கக் கோப்புகளைத் திறந்தபோதுதான் பார்த்தேன். எண்பத்திரண்டு பேர் கையெழுத்து வைத்து, காணிக் கந்தோரில் ஒப்படைத்தும் ஆயிற்று. எல்லாவற்றிலும் நான்தான் பிரதிநிதி. சட்டத்தரணி மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

மிஸ் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பெயரை மாற்றுவதென்றால் எல்லாரும் புதிதாக விண்ணப்பித்து வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும் என்றார். மாற்றாவிட்டால் ஒவ்வொரு விசாரணைக்கும் நான்தான் போய் நிற்கவேண்டும்; எல்லாம் முடிய இரண்டு வருடமாவது எடுக்கும். என் விசாவுக்கு இருப்பதோ இரண்டு மாதம்.

ஒருவர்கூடவா வாசிக்கவில்லை? அன்று வந்த உருத்திரபுரம் வடிவம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

“வாசிச்சனாங்கள், பிள்ளை. உன்ர பேர் கிடந்தபடியாத்தான் கையெழுத்தே வைச்சனாங்கள்.”

அந்த நம்பிக்கை மீது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என்னைக் கேட்டா நம்பினார்கள்? அவர் போனதும் இணையப் படிவத்தில் அந்தக் கட்டத்தின் பூட்டைத் திறந்து, என் பெயரை அழித்து, வெறுமையாக விட்டேன். ஏற்கெனவே கொடுத்த எண்பத்திரண்டு பேரும் என்னைத் திட்டட்டும். வாறன் என்று சிவகரனுக்குச் செய்தி அனுப்பினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அனுப்பினேன். அம்மாவுக்கும் தொலைபேசியில் சொன்னேன்.

“ஓம்,” என்றார் அம்மா. உடனே தொலைபேசியை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வெளிக்கிடக் கணினியை மூடப்போகும்போது எண்பத்து மூன்றாவது படிவம் வந்து விழுந்தது. விண்ணப்பதாரர்: தில்லைநாதன் கமலாசனி.

என் அம்மா. எங்கள் வீட்டு வளவுக்கு நான் பிறக்குமுன்பே காணி அனுமதிப்பத்திரம் கிடைத்து, அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது. அவர் எதையும் கோரத் தேவையே இல்லை.

நான் வெறுமையாக்கிவிட்ட கட்டத்தில், ‘பிரஷாந்தினி, மகள்’ என்று அடித்திருந்தார். பக்கத்தில் என் அடையாள அட்டை இலக்கமும் இருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.