மஞ்சள் பூசிய பேட்டரி

துலுக்கானத்தின் ட்ராக்டர் ஓடினால் வெளிச்சம் தரும், நின்றால் மங்கிவிடும். ஐம்பத்தெட்டாம் வருடத்து வண்டி. அதிலிருந்த டைனமோ வேகமாகச் சுற்றினால்தான் பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும். உழவுக்கு அது போதும். அம்மனை இழுத்துப் போவதற்குப் போதாது. ஆடிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மன் நடை வேகத்தில்தான் வருவாள். அறுபத்துச் சொச்சம் வாசல்களில் நின்று ஆரத்தி வாங்குவாள்.

பின்னால் ஜெனரேட்டர் வண்டி வரக்கூடாது. பம்பைச் சத்தம் கேட்காது என்பதால் துலுக்கானம் இருக்கும் ஏரிக்கரைத் தெருவும் பெரிய தெருவும் பேசி வைத்த கட்டுப்பாடு அது. இழுக்கிற வண்டியிலிருந்தே விளக்கு எரிய வேண்டும். வழியில் அணைந்துவிட்டால் அடுத்த வருடம் இழுக்கும் உரிமை மற்றத் தெருவுக்குப் போய்விடும்.

துலுக்கானத்துக்கு அது வெறும் உரிமை இல்லை. அவன் அப்பா பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர். நிலங்கள் பிளாட் ஆனபோது யாருக்கும் வேண்டாத இந்த ட்ராக்டரை வாங்கினார். கோவிலுக்கு மாடு கிடைக்காமல் திண்டாடிய ஒரு வருடம், "ஏரிக்கரைத் தெருவுக்குள்ளயும் அம்மன் வந்தா இழுக்கறேன்" என்றார். அதுவரை அம்மன் அந்தத் தெருமுனையோடு திரும்பிக்கொண்டிருந்தாள். உரிமை கைமாறினால் அம்மன் மறுபடி முனையோடு திரும்பிவிடுவாளோ என்பதுதான் துலுக்கானத்தின் கவலை. போன வருடம் பஸ் ஸ்டாப் வளைவில் விளக்குகள் செத்த செம்மஞ்சளாகிப் பிழைத்தன. பெரிய தெரு அழகேசன் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அதனால் இந்த வருடம் டைனமோவை எடுத்துவிட்டு, மெதுவாகச் சுற்றினாலும் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டரை மாட்டப் பூந்தமல்லியிலிருந்து ஜமீலா வந்தாள். ஷேர் ஆட்டோ முதல் கிரேன் வரை எலக்ட்ரிக்கல் வேலை பார்ப்பவள். சனிக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டாள்.

"இன்னாண்ணே, பிளஸ்ஸக் கொண்டாந்து பாடில கட்டி வச்சிக்கீற?"

"அது பொறந்ததுலேர்ந்து அப்படித்தாம்மா."

"வண்டியா, நீயா?"

"ரெண்டும்தான்."

"ஆல்டர்னேட்டருக்கு அது ஒத்துக்காது. இனிமே மைனஸ்தான் பாடிக்கு. மாத்தி மாட்டுன, உள்ள கீற டயோடு அத்தினியும் அப்பளமாட்டம் பொரிஞ்சிடும். காதுல உய்தா?"

"உய்ந்துச்சி."

டைனமோ உட்கார்ந்திருந்த தாங்கியை வெட்டி, ஆல்டர்னேட்டருக்கு ஏற்றபடி பற்றவைத்து, பெல்ட்டை மாட்டி முடிக்கையில் மாலை ஆகிவிட்டது. ஜமீலா வண்டியை ஸ்டார்ட் செய்து சும்மா உறும விட்டாள். ஆம்ப் மீட்டர் முள், இதுவரை போகாத ஊரைப் பார்க்கப் போவதுபோல் மெல்ல வலப்பக்கம் நகர்ந்து நின்றது. விளக்கு கண் சிமிட்டவே இல்லை. துலுக்கானம் அதன் முன்னால் குந்தி ஒரு டீயைக் குடித்து முடித்தான்.

பிறகு வழக்கம்போல் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிப் போனான். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் பக்கம் ராத்திரி வண்டியில் விட்ட பேட்டரி காலையில் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. இருபது வருடமாக அது சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் தூங்கும்.

ஞாயிறு காலை அவன் மனைவி பேபி வண்டிக்கு மாலை கட்டினாள். பேட்டரி அவள் கண்ணில் பட்டது. "லைட்டு குடுக்கறது இதுதானே, இதுக்கு ஒண்ணுமில்லியா?" என்று துடைத்து, மேலெல்லாம் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்தாள். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் மஞ்சளுக்குள் மறைந்துபோயின.

துலுக்கானம் பேட்டரியை வண்டியில் வைத்தான். மனசு விளக்குச் சரங்களை யோசித்துக்கொண்டிருந்தது. கை இருபது வருடப் பழக்கத்தில் வேலை செய்தது. பாடி ஒயரின் கிளாம்ப் தடித்த பிளஸ் முனையில் ஏறவில்லை. ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினான், ஏறிக்கொண்டது. அடுத்த கிளாம்பைச் சின்ன முனையில் வைத்தான். பளிச்சென்று ஒரு பொறி. ஆல்டர்னேட்டருக்குள்ளிருந்து மெல்லிய நீலப்புகை வந்தது.

"இன்னாய்யா வாசனை?" என்று பேபி உள்ளேயிருந்து கேட்டாள்.

"சாம்பிராணி!" என்று துலுக்கானம் கத்தினான். கத்திவிட்டுச் சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

பதினோரு மணிக்கு ஸ்கூட்டரில் வந்த ஜமீலா, ஆல்டர்னேட்டரைப் பிரித்துப் பார்த்தாள். திட்டவில்லை, அதுவே அவனுக்குத் திட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"டயோடு பிளேட் மட்டும் பூட்ச்சி. காயில் தப்பிச்சிது. இன்னிக்குக் கடை ஒண்ணும் தொறக்கல. டைனமோவத் திருப்பி மாட்டலாம்னா தாங்கிய நாந்தான் வெட்டிட்டேன்."

"வெறும் பேட்டரி தாங்குமா?"

"ஒரு மணி நேரம். நீ மூணு மணி நேரம் போவணும்." அவள் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். "இதே ஆல்டர்னேட்டர் மினி லோடு வண்டில வரும். பக்கத்துல யார்னா வச்சிகினு கீறாங்களா?"

ஒரே ஒருவன்தான் வைத்திருந்தான். அழகேசன். தண்ணீர் கேன் போடுகிற வண்டி.

"நீ போறியா, நான் போவட்டா?" என்றாள் பேபி. இவ்வளவு நேரம் அவள் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பெரிய தெருவில் அழகேசன் தன் லோடு வண்டிக்கு ஆற அமர சோப்பு போட்டுக்கொண்டிருந்தான். "இன்னா அண்ணாத்தே, அம்மன் நாளும் அதுவுமா நம்ம பக்கம்?"

துலுக்கானம் மறைக்காமல் சொன்னான். அழகேசன் குழாயை மூடிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இருவது வருசமா மாட்ற கையி! அதுக்கு இன்னா தெரியும், பாவம்!" சிரிப்பு மெல்ல நின்றது. "நான் குடுக்கலன்னா அடுத்த வருசம் அம்மன் எங்க ட்ராக்டர்ல."

"ஆமா."

"தெரிஞ்சிகினேதான் வந்தியா?"

"வேற யார்கிட்ட கீது? ஒண்ணு கேக்கறேன். நீ இழுத்தா எங்க தெருவுக்குள்ள வருவியா?"

அழகேசன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தான். "எங்க ட்ராக்டரு அகலம். உங்க தெருல சாக்கடை மூடி வேற ஒடஞ்சி கீது. வரமாட்டேன்னு சொல்லல."

"வருவேன்னும் சொல்லல."

பிறகு அழகேசன் பானெட்டைத் திறந்தான். "பிளேட்ட எட்த்துக்கோ. ஆனா பஸ் ஸ்டாப்புலேர்ந்து கோவில் வரைக்கும் நாந்தான் ஓட்டுவேன்."

ஏரிக்கரைத் தெரு பஸ் ஸ்டாப்புக்கு முன்னாலேயே வந்துவிடும். துலுக்கானம் "சரி" என்றான்.

ஆறு மணிக்கு அம்மன் புறப்பட்டாள். ஜமீலா மட்கார்டில் உட்கார்ந்து முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஏரிக்கரைத் தெருவில் ஒரு வாசல் விடாமல் நின்றார்கள். நிற்க நிற்க வண்டி தாழ்ந்த குரலில் முனகிக்கொண்டிருந்தது. விளக்குகள் நிறம் மாறாமல் நின்றன. தன் வாசலில் பேபி ஆரத்தியைச் சுற்றிச் சுற்றி எடுத்தாள். போதும் என்று பூசாரி சொன்ன பிறகும் எடுத்தாள்.

பஸ் ஸ்டாப்பில் துலுக்கானம் இறங்கினான். புதுச் சட்டையில் அழகேசன் ஏறினான், கிளட்சை விட்டான். ட்ராக்டர் ஒரு துள்ளுத் துள்ளியது. அம்மன் முன்னால் சாய்ந்து பின்னால் வந்தாள். இன்ஜின் நின்றுவிட்டது.

"மெதுவா உடுய்யா! தாயி உயுந்துடப் போறா!" என்று கூட்டம் கத்தியது.

எல்லாத் தலைகளும் விளக்குகளை அண்ணாந்து பார்த்தன. பேட்டரி தயவில் அவை எரிந்துகொண்டிருந்தன. அழகேசன் ஸ்டார்ட்டரை அழுத்தினான். சரங்கள் செம்மஞ்சளுக்கு இறங்கின. இன்ஜின் இருமி, பிடித்துக்கொண்டது. வெளிச்சம் நிதானமாக மேலேறி வெள்ளையானது.

அழகேசனின் புதுச்சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாலடி போய் அவனே நிறுத்தினான்.

"நீயே ஓட்டு அண்ணாத்தே. இதுக்கு வேற காலு வோணும்."

"பேச்சு பேச்சுதான். கோவில் வரைக்கும் உன்னுது."

"என் மானத்த வாங்காத, ஏறு."

துலுக்கானம் ஏறினான். இன்னொரு மட்கார்டில் அழகேசன் உட்கார்ந்து, பெரிய தெரு நெடுக "வழி, வழி" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தான். அவன் வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அவன் அம்மா, "நீ ஓட்டுவேன்னு சொன்னியேடா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள்.

"வண்டி அவருதும்மா. எரியற லைட்டு நம்மளுது."

ஜமீலா வாயைத் திறந்தாள். துலுக்கானம் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கிளட்சை மிக மெதுவாக விட்டான்.

"அடுத்த வருசமும் பிளேட் கீதா அழகேசா?"

"மொதல்ல இத்த ராத்திரியே கழட்டிக் குடு. விடிஞ்சா கேன் போடணும்."