ஏழு கிட்டங்கிகள்

விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் பாளம் அசைந்தது.

லிப்ராதோ ஐஸ் அறைக்குள் குனிந்து நின்று, இடுக்கியின் இரண்டு பற்களையும் பாளத்தின் விலாவில் ஊன்றி, குதிகாலைப் பலகையில் அழுத்திப் பின்னால் சாய்ந்தான். முந்நூறு ராத்தல் ஐஸ். இரவெல்லாம் தரையோடு ஒட்டிக் கிடந்தது, ஒரு முனகலோடு பிடி விட்டது. அப்புறம் சறுக்குப் பலகையில் ஏறிவிட்டால் அதுவாகவே மேடையை நோக்கிப் பாய்ந்துவரும். மேடையில் நின்று அதைக் கொக்கி போட்டு நிறுத்துவது ஹிலாரியோவின் வேலை. ஐம்பத்துமூன்று வயது மனிதர், மரியாதைக்குத் 'தோன் ஹிலாரியோ' என்றுதான் அழைப்பார்கள். ஐஸைத் தொட்டுத் தொட்டு அவருடைய சட்டையின் முன்பக்கம் விறைத்திருந்தது. முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. சான் அந்தோனியோவின் ஆகஸ்ட் மாதம் சூரியன் வருவதற்கு முன்பே சுடத் தொடங்கிவிடும்.

தொமாசா பால் புட்டிகளைச் சுமந்து வந்து ஐஸ் தூளுக்குள் கழுத்துவரை புதைத்து வைத்தாள். ரொட்டி, முட்டை, தகர டப்பாவில் அடைத்த மொச்சை, சிகரெட், ஆரஞ்சுப் பழம் எல்லாம் அவள் பொறுப்பு. ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவளுடைய விரல் நுனிகள் வெளுத்துத் தோலுரிந்திருந்தன. தெருவில் ஒரு கார் வந்து நின்று ஊதினால், இரண்டாவது முறை ஊதுவதற்குள் அதன் சன்னலோரம் போய் நிற்க வேண்டும். அது கம்பெனிச் சட்டம்.

இந்தக் கடை கம்பெனியின் மூளையில் உதித்ததல்ல. நாலு கோடைக்கு முன்னால் இது வெறும் ஐஸ் கிட்டங்கி. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகள் பூட்டிக் கிடக்கும். வீட்டில் முட்டை தீர்ந்துபோன பெண்கள் ஐஸ் வாங்க வந்த இடத்தில் புலம்புவார்கள். ஹிலாரியோ தன் வீட்டுக் கோழிகள் இட்ட முட்டைகளை ஒரு கூடையில் கொண்டுவந்து பாளத்தின்மேல் வைத்தார். அடுத்த வாரம் பால் வைத்தார். அதற்கடுத்த வாரம் ரொட்டி. மேற்பார்வையாளர் புரூயிட் அதைக் கண்டு முதலில் கத்தினார். கூட்டத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். மாதம் முடிவதற்குள் கூடையைத் தூக்கி எறிந்துவிட்டு அலமாரி அடித்து, கம்பெனி பெயரில் பலகையும் மாட்டிவிட்டார்கள். ஊரிலுள்ள ஏழு கிட்டங்கிகளிலும் அப்படியே. ஹிலாரியோவுக்குக் கிடைத்தது முதுகில் ஒரு தட்டு.

இந்தக் கோடையில் புது உத்தரவு வந்தது. காலை ஐந்துக்குத் திறக்க வேண்டும், இரவு பதினொன்றுக்கு மூட வேண்டும். ஆள் அதே மூன்று பேர். கூலியும் அதே கூலி.

"மத்த ஆறு கிட்டங்கியும் சரின்னுட்டாங்க. நீங்க மட்டும்தான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்றார் புரூயிட். தொமாசா அதை ஸ்பானிஷில் மற்ற இருவருக்கும் சொன்னாள். ஐந்தாவது வரை இங்கிலீஷில் படித்தவள் என்பதால் அவள்தான் இரண்டு பக்கத்துக்கும் நாக்கு. ஆறு பேர் ஒத்துக்கொண்ட பிறகு ஏழாவது ஆள் என்ன செய்ய முடியும்? மூன்று பேரும் தலையாட்டினார்கள். அது நடந்து ஏழு வாரமாகிவிட்டது.

அன்று காலை ஒன்பதாவது பாளம் வரும்போது ஹிலாரியோவின் கண் ஒரு நொடி சொருகியது. கொக்கி தவறியது. பாளம் அவருடைய இடது கையைத் தூணோடு சேர்த்து அறைந்தது.

அவர் கத்தவில்லை. "லிப்ராதோ, இதைக் கொஞ்சம் நகத்துடா" என்று மட்டும் சொன்னார், ஏதோ நாற்காலியை நகர்த்தச் சொல்வதுபோல. லிப்ராதோ பாளத்தை நெம்பியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தொமாசா ரொட்டி மூடும் துணியைக் கிழித்துக் கையைச் சுற்றினாள். துணிக்குள்ளே விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் விரல்கள் இல்லை.

உள்ளறையிலிருந்து புரூயிட் ஓடிவந்தார். முதலில் தெருவைப் பார்த்தார், அப்புறம்தான் ஹிலாரியோவைப் பார்த்தார்.

"முன்பக்கம் வேணாம். கார்க்காரங்க பாக்கறாங்க. பின்வழியாக் கூட்டிட்டுப் போங்க."

எதிர் வீட்டுக்காரர் தன் கோவேறு கழுதை வண்டியில் ஹிலாரியோவை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வண்டி திரும்புவதற்குள் புரூயிட் லிப்ராதோ பக்கம் திரும்பினார். "அந்தப் பாளத்தைக் கழுவி அறுத்துப் போடு. ரத்தம் மேலாக்க ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்."

தொமாசா சொல்லாமலே லிப்ராதோவுக்கு அது புரிந்துவிட்டது. அவன் இடுக்கியை எடுத்தான். பாளத்தைக் கவ்வினான். ரம்பம் இருக்கும் பக்கம் போகாமல் மேடை விளிம்புக்கு இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் தள்ளிவிட்டான். அது வெள்ளைப் புழுதியில் தொப்பென்று விழுந்து, மூலை உடைந்து, சிவப்புக் கறையோடு நடுத்தெருவில் கிடந்தது.

"ஏய், அது கம்பெனி ஐஸ்" என்றார் புரூயிட்.

லிப்ராதோ மெதுவாக ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான் அவன்?"

இத்தனை நாளும் தொமாசா மொழிபெயர்க்கும்போது முனைகளை மழுக்கித்தான் கொடுப்பாள். 'மாட்டேன்' என்பதை 'கொஞ்சம் கஷ்டம்' என்பாள், திட்டியதை இருமலாக்கிவிடுவாள். அன்று அவளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

"ஐஸ் கம்பெனிதுதான், ரத்தம் தோன் ஹிலாரியோவோடது. ரெண்டையும் தனித்தனியாப் பிரிச்சுக் குடுங்க, கம்பெனிதை உள்ள எடுத்து வைக்கிறேங்கறான்."

புரூயிட்டின் கழுத்து சிவந்தது. தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இதப் பாரு தொமாசா. நீ விவரம் தெரிஞ்சவ. ஐஸ் வியாபாரம் செத்துக்கிட்டிருக்கு. வீட்டுக்கு வீடு மின்சாரக் குளிர்ப்பெட்டி வருது. இனிமே நமக்குச் சோறு போடப்போறது இந்த ரொட்டியும் பாலும்தான். இந்த மாதிரிக் கடை தெருவுக்குத் தெரு வரும், ஊருக்கு ஊர் வரும். ஜனங்க எப்ப வந்தாலும் திறந்திருக்கணும். அதுதான் இந்த வியாபாரத்தோட உயிரே."

"கடை எப்பவும் திறந்திருக்கட்டும், நல்லதுதான். எங்க தெரு ஜனத்துக்கும் அது வேணும். மனுஷன் எப்பவும் திறந்திருக்க முடியுமா? ரெண்டு செட்டு ஆள் போடுங்க."

"மத்த ஆறு எடத்துலயும் மூணு பேர் பாக்கலியா?"

"தோன் ஹிலாரியோ வேலை என்ன ஆகும்?"

"கை சரியானதும் வரட்டும்."

"விரல் மூணு போயிருச்சு."

"அப்ப எதுக்கு வரணும்?"

பாளத்திலிருந்து உருகிய தண்ணீர் புழுதியில் கோடு கிழித்துக்கொண்டு ஓடியது. தெருப் பெண்கள் வாளிகளோடு வந்து அதைச் சுற்றி நின்றார்கள். யாரும் அதைத் தொடவில்லை.

புரூயிட் குரலைத் தாழ்த்தினார். "வாய் நீளுது உனக்கு. உங்காளுங்களை ரயிலேத்தி எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோவுல விடறாங்களே, தெரியுமில்ல?"

"தெரியும். எங்க மாமாவும் அந்த ரயில்லதான் போனாரு. ஆனா நான் பொறந்தது இதே ஊர்ல, நாலு தெரு தள்ளி. என்னைய நாலு தெருவுக்கு மேல அனுப்ப உங்களால ஆகாது."

வாளியோடு நின்ற ஒருத்தி சிரித்துவிட்டாள். புரூயிட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைகளைப் பற்றி அந்த மனிதர் சொன்னது பொய்யில்லை. பின்னாளில் அப்படிப்பட்ட கடைகள் கடல் தாண்டிப் போயின. விளக்கணையாத கடைகள் உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் முளைத்தன. அந்த விளக்கடியில் நிற்கிறவர்கள் எப்போது தூங்குவார்கள் என்ற கேள்வி மட்டும் அன்றைக்குப் போலவே நின்றது.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் தொமாசா சாப்பிடவில்லை. 'மத்த ஆறு எடமும்' என்ற சொல் அவள் மனத்தில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது. யார் அந்த ஆறு? ஒருவர் முகத்தையாவது அவள் பார்த்ததுண்டா? லிப்ராதோவிடம் அலமாரியை விட்டுவிட்டு, பஸ் ஏறி ஊரின் கிழக்குப் பக்கம் போனாள். அது கறுப்பு மக்கள் வாழும் பகுதி. அங்கேயும் அதே பச்சைப் பலகை, அதே மேடை, அதே அலமாரி. நெடிய ஆள் ஒருவன் ஐஸ் அறுத்துக்கொண்டிருந்தான். எஸல் என்று பெயர் சொன்னான். அவள் யார் என்று தெரிந்ததும் ரம்பத்தை நிறுத்தாமலே பேசினான்.

"ஓ, மேற்குப் பக்கமா. உங்களாலதானம்மா எங்க பொழப்பு நாறுது."

"எங்களாலயா?"

"பின்ன? மெக்சிகோக்காரங்க சந்தோஷமா ஒத்துக்கிட்டாங்க, பதினெட்டு மணி நேரத்துக்குச் சிரிச்சுக்கிட்டே வர்றாங்க, உங்களுக்கென்னடா நோவுன்னு புரூயிட் கேட்டாரு. என் தம்பி போன வாரம் அந்த அறைக்குள்ளயே மயங்கி விழுந்தான். எழுப்பி உக்காரவச்சு அதையேதான் மறுபடி சொன்னாரு."

தொமாசா மேடையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்க ஒத்துக்கிட்டீங்கன்னுதான் எங்ககிட்ட சொன்னாரு" என்றாள்.

ரம்பம் நின்றது.

எஸல் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். நிஜமாகச் சொல்கிறாளா என்று அளக்கிற பார்வை. அவள் ஹிலாரியோவின் கையைப் பற்றிச் சொன்னாள். தெருவில் கிடந்த பாளத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் ரம்பத்தை மெல்லக் கீழே வைத்தான்.

"அப்ப ஏழு வாரமா நீங்க எங்களைத் திட்டிக்கிட்டு, நாங்க உங்களைத் திட்டிக்கிட்டு."

"ஆமா. அவரு நிம்மதியாத் தூங்கிக்கிட்டிருந்தாரு."

"இப்ப என்னம்மா பண்ணலாங்கற?"

"நாளைக்குக் காலைல ஃபேக்டரி லாரி வரும். எறக்கற கை இல்லேன்னா பாளம் லாரியிலயே உருகும். பாலு பத்து மணிக்குத் திரிஞ்சு போகும். இது ஆகஸ்ட்டு மாசம். எந்தக் கம்பெனிக்காகவும் ஐஸ் காத்திருக்காது."

"வேலை போயிரும்."

"போகும். இப்ப இருக்கறது மட்டும் என்ன, விரல் விரலாத்தான போகுது."

எஸல் வெகுநேரம் யோசித்தான். "என் தம்பிகிட்டக் கேக்கணும்" என்றான். அதற்குமேல் அவன் வாக்குக் கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஹிலாரியோவின் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அவர் காய்ச்சலில் கிடந்தார். கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் கோழி முட்டையில ஆரம்பிச்ச கடைடா அது" என்றார். "அவனுங்க அதை எடுத்துக்கிட்டு, முட்டையை என்கிட்டயே வித்தானுங்க. நாளைக்கு நானும் வர்றேன்."

"நீங்க படுங்க, தோன் ஹிலாரியோ" என்றான் லிப்ராதோ.

"உக்கார்றதுக்கு விரல் எதுக்குடா?"

மறுநாள் ஐந்து மணிக்கு மூவரும் மேடை விளிம்பில் கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் அறை பூட்டிக் கிடந்தது. லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி அவர்களைப் பார்த்தான், ஹிலாரியோவின் கட்டைப் பார்த்தான். "நான் ஓட்டறதுக்குத்தான் ஆளு, எறக்கறதுக்கு இல்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நிழலில் போய்ச் சிகரெட் பற்றவைத்தான்.

தெருப் பெண்கள் வாளிகளோடு வரத் தொடங்கினார்கள். தொமாசாவுக்கு அதுதான் பயம். கைக்குழந்தைகளுக்குப் பால் வைத்திருக்கிறவர்கள், இவர்கள் முகம் சுளித்தால் எல்லாம் போயிற்று. எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது.

முன்னால் நின்ற ரெஃபூகியா வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "எங்க வீட்டுக்காரரு ஒரு நாளைக்கு பீரைச் சூடாக் குடிச்சா செத்துப்போக மாட்டாரு. பச்சப்புள்ள இருக்கற வீட்டுக்கு மட்டும் ஒரு துண்டு குடுத்துருங்க. மத்தவளுக வரட்டும், நான் பேசிக்கறேன்."

லிப்ராதோ லாரியிலிருந்து ஒரே ஒரு பாளத்தை இறக்கி உடைத்துக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்குக் கொடுத்தான். யாரிடமும் காசு வாங்கவில்லை. புரூயிட் வந்தபோது கவிழ்ந்த வாளிகள் தெருவோரம் வரிசையாகிவிட்டிருந்தன.

"அரை மணி நேரம் தர்றேன்" என்றார். "இல்லேன்னா மூணு பேரும் வெளியே. இந்த வேலைக்கு வாசல்ல வரிசை நிக்குது. மத்த ஆறு கிட்டங்கியும்..."

பேச்சு பாதியில் நின்றது. தெருக்கோடியில் மூன்று பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் எஸல். பக்கத்தில் அவன் தோளைப் பிடித்தபடி மெலிந்த ஒருவன், தம்பியாக இருக்க வேண்டும். மூன்று மைல் நடந்து வந்த புழுதி முழங்கால்வரை ஏறியிருந்தது.

"காலை வணக்கம், மிஸ்டர் புரூயிட்" என்றான் எஸல். "நாங்க ஒத்துக்கிட்டதா நீங்க சொன்னீங்களாம். எந்த நாள்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தோம்."

மேடையில் இடம் குறுகலாக இருந்தது. லிப்ராதோ நகர்ந்தான், ஹிலாரியோ நகர்ந்தார். வந்த மூன்று பேரும் ஏறி உட்கார்ந்தார்கள்.

"கறுப்பனும் மெக்சிகனும் ஒரே பலகையிலயா?" புரூயிட்டுக்கு மூச்சு வாங்கியது. "போலீஸைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க" என்றாள் தொமாசா. இந்த முறை யாருக்காகவும் மொழிபெயர்க்கவில்லை, தனக்காகவே பேசினாள். "வரிசையில நிக்கிற ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க. வாங்கற கூலிக்கு எத்தனை மணி நேரம்னு அவங்ககிட்டயும் கேக்கறோம். ரெண்டு செட்டு ஆளு. தோன் ஹிலாரியோவுக்கு வைத்தியம், அப்பறம் அலமாரி வேலை. அதுவரைக்கும் கதவு திறக்காது."

புரூயிட் டெலிபோனைத் தேடி உள்ளே போனார். லாரியின் பின்பலகை வழியே தண்ணீர் ஒழுகத் தொடங்கியிருந்தது. போலீஸ் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேலை திரும்பக் கிடைக்குமா என்பது யாருக்கும் தெரியாது. எஸலின் தம்பிக்கு ரெஃபூகியா ஒரு தகரக் குவளையில் காப்பி கொடுத்தாள்.

"இங்க ஒண்ணு, எங்களுது ஒண்ணு" என்றான் எஸல். "வர்ற வழியில தெற்குச் சந்தைக் கிட்டங்கில சொல்லிட்டு வந்தோம். பூட்டைத் திறக்காம நிக்கிறாங்க. என்ன ஆகுதுன்னு பாக்கறாங்க."

"அப்ப பாக்கி நாலு" என்றார் ஹிலாரியோ, தொமாசா ஸ்பானிஷில் சொல்லக் கேட்டு.

தொமாசா மேடையிலிருந்து குதித்தாள். பாவாடையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"ரயிலடிக் கிட்டங்கிக்கு எந்த பஸ்?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

அவன் சிகரெட்டைக் காலில் போட்டு நசுக்கினான். லாரியின் கதவை அவளுக்காகத் திறந்துவிட்டான்.